நூறு என்று பொறித்த துளை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையை மூடியபோது
எடைக்குப் போக இருந்த மெஷினை
நாலாயிரத்துக்கு வாங்கி வந்தேன்.
மூன்று லிட்டர் எவர்சில்வர் தொட்டி,
கம்பிக் கூடை, டைமர்.
முதல் நாள் வடிகுழாயைத் திருகினால்
அடியில் சாம்பலாய்க் கொஞ்சம் வெள்ளித்தூள்.
எந்தக் காலுக்கும் போகாமல் நின்றுவிட்டது.
ஹோமியோபதிக் குப்பி ஒன்றில் வைத்திருக்கிறேன்.
விற்கிற அளவு இல்லை,
எறிகிற மனசும் இல்லை.

ஐந்து ரோடு முழுக்க ஹார்ன் அடித்தாலும் அசையாத கடை நாய்
ஸ்விட்சைப் போட்டதும் எழுந்து
டீக்கடைப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.
எனக்குக் கேட்பது
காய்ந்த சட்டியில் நீர் தெளித்த மாதிரி ஒரு சீறல்.
அதற்குக் கேட்பது முழுசும்:
நொடிக்கு நாற்பதாயிரம் தரம் நடுங்குகிற தண்ணீர்,
பிறந்த இடத்திலேயே வெடிக்கிற குமிழிகள்,
கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்ன அடிதடி.

நாகலூர் வியாகுலம்
மிளகுச் சாக்குத் துணியில் சுற்றி
யெஸ்டியின் கார்புரேட்டரைப் பஸ்ஸில் கொண்டுவந்தார்.
"லிட்டருக்கு இருபத்திரண்டு.
ஏர்றப்ப மலை குடிக்குது,
எறங்குறப்ப பழக்கத்துல குடிக்குது."

வாயில் குளவி கட்டிய மண்.
மிதவையில் வார்னிஷாய் உறைந்த பழைய பெட்ரோல்.
ஒவ்வொரு திருகாய்க் கழற்றிக் கூடையில் வைத்தேன்.
அறுபது டிகிரி வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு.
பெட்ரோல் ஊற்றக் கூடாது.
கொண்டலாம்பட்டியில் ஒருவன் ஊற்றினான்,
இப்போது புருவத்தைப் பென்சிலால் வரைகிறான்.

எட்டாவது நிமிடம்
துளைகளிலிருந்து பழுப்பாய் வந்தது,
பீடி குடித்தவன் தண்ணீருக்குள் மூச்சுவிட்ட மாதிரி.
பிரஷ் போகாத இடம், காற்று போகாத வளைவு,
எல்லாவற்றிலிருந்தும்.
இருபது நிமிடத்துக்கு மேல் விட்டால்
அலுமினியம் கறுத்துவிடும்.
பதினெட்டில் எடுத்தேன்.

கிண்ணத்தின் உட்பக்கம்
ஆணியால் கீறிய ஓர் எழுத்து.
கு.

சூரமங்கலத்தில் பத்தொன்பது வயதில்
கைபட்ட கிண்ணத்திலெல்லாம் கீறிவைப்பேன்.
யாரும் பார்க்கப்போவதில்லை என்பதில்தான் அந்தத் திமிர்.

ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
தலையில் நூறு என்று பளிச்சென்று.
நூறாம் நம்பர் ஊசி உரசாமல் போனது.
நூற்றுப்பத்தும் போனது.
நூற்றுப்பதினைந்துதான் நின்றது.

அடைப்பென்றால் குத்து. அப்போது அதுதான் வைத்தியம்.
கிளட்ச் கேபிளில் ஓர் இழையைப் பிரித்து
உள்ளே விட்டு, திருப்பித் திருப்பி,
ஊதிப் பார்த்து, "பாஸ்" என்று சொல்லியிருப்பேன்.
பித்தளை மெத்தென்றிருக்கும்,
எதிர்த்துப் பேசாது.

பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பதினோரு வருடம்,
வாரத்துக்கு மூன்று தரம் மலை,
இருபது கொண்டை ஊசி வளைவு,
அன்றன்றைய பெட்ரோல் விலை.
பாதியில் பேனாவை மூடினேன்.

நாலு மணிக்கு வந்தார்.
புது ஜெட் போட்டிருந்தேன். கழுவு கூலி முன்னூற்றைம்பது.
ஜெட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"எல்லாம் அழுக்குதானா?"
"பாதி அழுக்கு."
"மீதி?"

ஜெட் தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.
பொய்கூட இல்லை அது.
கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்தார்.
"கு... கும்பகோணத்துல செஞ்சதா?"

"குணாளன்" என்றேன்.

அண்ணாந்து போர்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கம்பியையும் பித்தளையையும் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை
சாக்குத் துணியை நாலாய் எட்டாய் மடித்துக்கொண்டிருந்தார்.
"அப்ப மலை இல்ல."
"இல்லைங்க."

முன்னூற்றைம்பதை எண்ணி மேஜையில் வைத்தார்.
யோசித்து, அதில் ஐம்பதை மட்டும்
திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

படியிறங்கியவர் நின்றார்.
"வண்டிக்குத் தப்பான பிளக்கும் ஒருத்தன் போட்டான்.
அது?"

"அது நான் இல்லைங்க" என்றேன், சற்றே சத்தமாக.
டீக்கடைப் பக்கம் நாய் தலை தூக்கியது.