எழுபத்தோராம் பக்கம்

நவம்பர் பிறந்தால் எங்கள் ஊரில்
மூன்றரை மணிக்கே விளக்கைப் போட வேண்டும்.
வெண்பனி இன்னும் விழவில்லை.
விழுந்தாலாவது கொஞ்சம் வெளிச்சம் வரும்.
இப்போதைக்கு ஈரமான பிர்ச் இலைகள்தான்,
ஆட்களின் காலணியில் ஒட்டிக்கொண்டு
உறுப்பினர் அட்டை இல்லாமலே உள்ளே வருகின்றன.

நுழைந்ததும் இடப்பக்கம், ரேடியேட்டருக்கு மேல்,
ஒரு பலகை:
"கதகதப்பான வாசிப்புக்கு நூலகத்தார் சொல்லும் புத்தகங்கள்."
ஆளுக்கு மூன்று. தலைமை நூலகர் உத்தரவு.

இர்மெலி மூன்றுமே துப்பறியும் கதைகளாக வைத்தாள்.
சீட்டில் எழுதியிருந்தாள்:
"கொலை ஒன்றே ஒன்றுதான்.
அதுவும் எல்லாரும் காபி குடித்து முடித்த பிறகு."
பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒஸ்கரி
காளான் கையேடு ஒன்றை வைத்தான்:
"சீசன் முடிந்துவிட்டது. இனி பயமில்லாமல் படிக்கலாம்."
தரை துடைக்கும் மிர்யாமியை யாரும் கேட்கவில்லை.
அவளாகவே ஒரு பின்னல் புத்தகத்தைச் செருகியிருந்தாள்:
"நாற்பத்திரண்டாம் பக்கத்துக் குதிகால் தப்பு.
பென்சிலால் திருத்தியிருக்கிறேன்."

எனக்கு இரண்டுதான் தோன்றின.
மூன்றாவதைத் தேடும்போது மணி ஐந்து ஐம்பது,
சாவி கையில்.
அகப்பட்டதை எடுத்தேன்.
மஞ்சள் அட்டை. அதில் ஒரு வீடு,
புகைபோக்கி, ஓரமாக ஒரு குதிரை.
திறந்து பார்க்கவில்லை.
"காரட் சூப் போல இதமானது" என்று எழுதி
கீழே என் பெயரையும் போட்டேன்: கைசு.
முப்பத்தொரு வருஷத்தில்
இதுதான் முதல் பொய் என்று சொன்னால்
அது இரண்டாவது பொய்.

ரெய்யோ அதை எடுத்துப் போனார்.
சாலையில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவர்.
பனி வரும்வரை வேலை இல்லை;
வண்டிக்கு மூன்று முறை எண்ணெய் போட்டாயிற்று,
நான்காவது முறை போட வண்டிக்கே வெட்கம்.

பத்து நாள் கழித்து வந்தார்.
புத்தகத்தை மேசைமேல் வைக்காமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்:
"இதை நீங்கள் படித்தீர்களா?"

எங்கள் பக்கத்தில் மௌனத்துக்கு அவசரம் கிடையாது.
ரேடியேட்டர் இரண்டு முறை டொக்கென்றது.

"எழுபத்தோராம் பக்கத்தில்
குதிரை ஏரிமேல் நடக்கிறது.
பனிக்கட்டி தாங்கவில்லை.
அதன் லாடம் விளிம்பைத் தேடும் சத்தத்தை
ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறான், பாவி.
இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை."

"படிக்கவில்லை" என்றேன்.
"தெரியும்" என்றார்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
புத்தகத்துக்காகக் கையை நீட்டினேன்.
அவர் கொடுக்கவில்லை.
"திருப்பித் தர வரவில்லை.
இன்னும் இரண்டு வாரம் வேண்டும்."

அடுத்த ஊர் நூலகத்திலிருந்து
இன்னொரு பிரதி வேனில் வந்தது.
சமையலறை மேசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
சூப் ஆறியது.
காரட் சூப்பேதான்; என்ன செய்ய,
அன்றைக்கு வீட்டில் அதுதான் இருந்தது.
எழுபதாம் பக்கத்தில் எழுந்துபோய்
வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
பூட்டியிருந்தது. திரும்பி வந்தேன்.
பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் பழைய சீட்டைக் கிழித்தேன்.
புதியதில்:
"இது சூப் அல்ல.
எழுபதாம் பக்கத்தில் நிறுத்தத் தோன்றும்.
வீட்டில் யாராவது விழித்திருந்தால் நல்லது.
இல்லாவிட்டால் நூலக எண்ணுக்குக் கூப்பிடுங்கள்,
எட்டு மணிவரை நான் இருப்பேன்.
படித்துவிட்டேன். கைசு."

இருபத்தேழாம் தேதி, விடிய இன்னும் நேரமிருக்க,
என் கூரையில் மஞ்சள் வெளிச்சம் சுழன்று போனது.
தெருவைச் சுரண்டும் இரும்பின் சத்தம்.
ஒருக்களித்துப் படுத்துக் கேட்டேன்.

ரெய்யோவின் தவணை முடிந்து ஐந்து நாள்.
அபராதக் கடிதத்தைக் கணினி தானாகவே அனுப்பிவிடும்.
அதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு.
இர்மெலிக்கு அது எங்கே என்று தெரியாது.
எனக்குத் தெரியும்.