கையுறை இல்லாத பதினோரு நொடிகள்

பிழை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
எந்தக் கையில் கோப்பை,
எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
கதவு சாத்தியிருந்ததா என்றெல்லாம்
எழுதி வைக்க ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பேனா.
கடைசியில் 'காட்சித் தொடர்ச்சி: ஹெய்ல்வென் பாரி'
என்று திரையில் ஓடும்போது
ஜனங்கள் தேநீர் போட எழுந்து போயிருப்பார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தைப் பற்றி
நான் சொன்னால் நம்பலாம்.

கெரிடான் கோளுக்கு இரண்டு சூரியன் என்கிறது வசனம்.
நிழலோ ஆளுக்கு ஒன்றுதான்.
உண்மையில் அந்தக் கோள்
வட வேல்ஸில் ஒரு கற்பலகைக் குவாரி.
ஆறு நாளும் மழை.
"சொட்டு நீரில்லாத உலகம் இது" என்று
கேப்டன் முழங்குகையில்
அவர் மூக்கு நுனியில் தொங்குகிறது ஒரு சொட்டு.

விண்கலத்தின் கதவு,
மூடிப்போன இறைச்சிக் கடையின் குளிர் அறைக் கதவு.
ரப்பர் மிருகங்கள் ஐந்து.
இடமிருந்து இரண்டாவது, குவாரியில் லாரி ஓட்டும் இத்வால்;
முதுகில் ஜிப் பளபளக்கிறது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லி
புகையை ஊதினார்கள்.
காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

முடிவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
நாற்பது நிமிடம் பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சை
ஒரே ஒரு நெம்புகோல்.
இழுத்தார்கள், எல்லாம் வெடித்தது.
அவிழ்க்கத் தெரியாதவர் கத்தரிக்கோல் எடுத்த கதை.

ஆனால் முப்பத்தோராம் நிமிடம்.

வழிகாட்டி மாரெனுக்கு ஒரு செய்தி வருகிறது.
அனுப்பியவள் மகள், அப்போது வயது ஏழு.
ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் கலத்தில்
தாய்க்குக் கழிந்தது இரண்டு வருடம்,
பூமிக்கு நாற்பது.
தாயைவிட மூத்தவள் ஆகிவிட்ட பெண்ணின்
பால்பல் விழுந்த குரல்:
"அம்மா, நூறு வரைக்கும் எண்ணிட்டேன்.
வரட்டுமா?"

மாரெனாக நடித்த ரொவீனாவுக்கு
இங்கே அழ வேண்டும் என்று எழுதியிருந்தது.
அழவில்லை.
வலக் கையைக் கண்ணாடியில் வைத்தாள், அவ்வளவுதான்.
வெறுங்கை.

முந்தைய காட்சியில் கையுறை இருக்கிறது.
அடுத்ததிலும் இருக்கிறது.
கலத்துக்கு வெளியே, காற்றே இல்லாத இடத்தில் நிற்கிறாள்;
விரல்கள் என்ன ஆகியிருக்கும் என்று
பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.
'கையுறை!!' என்று சிவப்பில் இரண்டு கோடு போட்டு
இயக்குநர் டென்சிலிடம் நீட்டினேன்.
அவர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
மறுபடி எடுக்க வெளிச்சமும் இல்லை, காசும் இல்லை.
கலை கிலை என்று யாராவது சொன்னால்
அன்று அங்கே நான் இருந்தேன்.

ஒளிபரப்பான சனிக்கிழமை
குவாரி ஆட்களின் கிளப்பில் உட்கார்ந்து பார்த்தேன்.
இத்வாலின் ஜிப்புக்கு விசில் பறந்தது.
அவன் எழுந்து நின்று குனிந்து வணங்கினான்.
பிறகு அந்தக் குரல் வந்தது.
மெரெரிட் பீர்க் குழாயைப் பாதியில் நிறுத்தினாள்.
எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"கையுறை எங்கே போச்சு?" என்றான்
முன்வரிசையில் ஒரு பொடியன்.

யாரும் பதில் சொல்லவில்லை.
பதில் தெரிந்த ஒரே ஆள்
கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் நெம்புகோல், வெடிப்பு, மறுபடி சிரிப்பு.

இரண்டாம் சூரியனைக் கேட்டு நாற்பத்து மூன்று கடிதம்.
கையுறையைக் கேட்டு ஒன்றே ஒன்று,
ஹல் நகரத்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
வெப்பநிலைக் கணக்கோடு.
"தாங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று
அலுவலகத் தாளில் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

அவர் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை.
இன்னும் என் நோட்டுக்குள் கிடக்கிறது,
அந்தப் பக்கத்தில்.