பனி தள்ளும் தகடு

ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த
சின்ன டிராக்டர் இது.
கந்தப்பளைக்கு வந்தபோது
கேளாமலே கூட வந்தது முன்தகடு.
நாலடி நீளம், மஞ்சள் பெயின்ட்,
வளைந்த முதுகில் ஒரு ஸ்டிக்கர்.
கம்பளித் தொப்பிக்காரன் ஒருவன்
வெள்ளையாய் எதையோ தள்ளுகிறான்.
மாவு என்றான் திவாகரன்.
யூரியா என்றார் கொழுந்தன் நடேசு.
பனி என்றார் ஜயதிஸ்ஸ பாஸ்.
அதை ஏன் தள்ளணும்?
எங்கள் பனி தானாகப் போகும்,
போகும்போது
உருளைக்கிழங்கு இலையைக் கருக்கிவிட்டு.

மூன்று வருடம்
கோழிக்கூட்டுக்குக் கதவாய் நின்றது தகடு.

வியாழன் இரவு மலை இறங்கியது.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
றோட்டுக்குத்தான்.
"பெக்கோ நாளைக்கு வரும்"
என்றார்கள் பிரதேச சபையில்.
வெள்ளி, சனி, ஞாயிறு,
நாளை மட்டும் தவறாமல் வந்தது.
கட்டி வைத்த லீக்ஸ் நானூறு கிலோ
சாக்குக்குள் வியர்த்தது.

திங்கள் காலை கோழிகளைத் துரத்திவிட்டு
கதவைக் கழற்றினேன்.

முதலில் சட்டம்.
முன் அச்சுக்கு அடியில்
சாக்கு விரித்து மல்லாந்தேன்.
நாலு துளையில் மூன்று பொருந்தின.
நாலாவது
ஒரு நெல்மணி தள்ளி நின்றது,
பந்தியில் கோபித்த சம்பந்தியைப் போல.
பாஸ் கடப்பாரையால் நெம்பினார்.
சிங்களத்தில் ஒன்று சொன்னார்,
தமிழில் ஒன்று.
இரண்டையும் எழுத முடியாது.
போல்ட் இறங்கியது.

ஒரு பின்னைக் காணோம்.
ஆறங்குல ஆணியை வளைத்துப் போட்டோம்.
தூக்கும் நெம்புகோல்
கிறீஸ் கண்டதும் சமாதானமானது.
இரண்டு சுருள்வில் மாட்டினோம்:
கல் தட்டினால் தகடு குனிய வேண்டும்,
குனிந்தபின் நிமிர வேண்டும்.

தகடு தரையைத் தொடக்கூடாதாம்.
தொட்டால் றோட்டையும் சேர்த்துத் தின்னும்.
"ஒரு விரல் இடைவெளி" என்றார் பாஸ்.
யார் விரல்?
கொழுந்து கிள்ளிய விரல் எனக்கு,
அவருக்கோ வாழைப்பழம்.
கடைசியில்
பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டியை
அடியில் வைத்து இறக்கினோம்.

பிறகு கோணம்.
இடப்பக்கம் திருப்பினால்
வீராயியின் பீட்ரூட் பாத்தியில் விழும் மண்.
வலப்பக்கம் கம்பெனித் தேயிலை.
வீராயி குடையோடு வந்து நின்றாள்.
ஒன்றும் பேசவில்லை.
வலப்பக்கம் வைத்து
முடுக்கினோம்.

பின்சக்கரம் சறுக்கியது.
உரப்பையில் கல் நிரப்பிக் கட்டினோம்.
இரண்டு பை போதவில்லை.
மூன்றாவது பையாக
நடேசு ஏறி உட்கார்ந்தார்.
முந்தின நாள் தவறணைக்குப் போனதில்
அவருக்கும் ஆட்டம்தான்,
ஆனால் எடை சரியாக இருந்தது.

கிளட்சை விட்டேன்.
களி கிளறும்போது அகப்பையில் திரளுமே
அப்படித் திரண்டது செம்மண்.
வேரோடு ஒரு தேயிலைச் செடி,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
பிஸ்கட் பேப்பர்,
இன்னும் சாகாத மண்புழுக்கள்.
தள்ளு, தூக்கு, பின்னால் வா.
ஒரு தள்ளலுக்கு
இரண்டு முழம் றோட்டு கிடைத்தது.
தகடு போன பாதையில்
தார் கறுப்பாய் ஈரமாய்த் தெரிய
பிள்ளைகள் ஓடி ஓடி
அதில் கால் வைத்துப் பார்த்தார்கள்.

பதினோராவது தள்ளலில்
டங் என்றது.
தகடு குனிந்தது.
நடேசு முருகனைக் கூப்பிட்டார்.
தகடு நிமிர்ந்தது.

மம்பட்டியால் சுரண்டிப் பார்த்தால்
சிமெந்துப் பெஞ்சு.
பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு
போட்ட இடத்திலேயே இருந்தது.

வீராயி கிட்டே வந்தாள்,
முந்தானையால் ஓர் ஆள் அகலம் துடைத்தாள்,
குடையை மடக்கி
உட்கார்ந்தாள்.

"பஸ் வர இன்னும் முப்பது யார் மண் இருக்கு"
என்றேன்.

"தள்ளு" என்றாள்,
"நான் என்ன அவசரத்திலயா இருக்கேன்?"

ஸ்டிக்கர்க்காரன்
இடுப்புவரை செம்மண்ணில் நின்றான்,
தொப்பியைக் கழற்றாமல்.
நான் ரிவர்ஸ் போட்டேன்.