நூறு கிலோமீட்டருக்கு

ஜூலையில் நாலு புள்ளி இரண்டு.
ஜனவரியில் எட்டு, சில நாள் எட்டுக்கும் மேல்.
டாஷ்போர்டுக்குள் கிடக்கும் நோட்டில்
லிட்டர் கணக்கை எழுதிவைக்கிறேன்,
பக்கத்தில் அன்றைய குளிரை.
வேறெதுவும் எழுதுவதில்லை.

கோடையில் இந்த வண்டி
சிக்னலில் நின்றதும் மூச்சை அடக்கிக்கொள்ளும்.
தூல் ஆற்றுப் பாலத்தைச் சத்தமில்லாமல் கடப்போம்.
டயருக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்கும்.
இறக்கத்தில் மிதித்த பிரேக்கெல்லாம்
சில்லறையாய்ப் பேட்டரியில் விழும்,
மேட்டில் எடுத்துச் செலவழிப்போம்.

இப்போது மைனஸ் முப்பத்துநாலு.
காலை ஐந்தரை.
பயன்ஹோஷூ மேடு முழுக்கக் கரிப்புகை.
எஞ்சின்மேல் கம்பளி. முகப்பு வலையில்
பால்பவுடர்ப் பெட்டியைக் கிழித்துக்
கோம்போ செருகிக் கொடுத்த அட்டை.
"மிச்சம்பிடிக்கப் பிறந்த வண்டி இது, செவ்ஜித்மா.
குளிர் வந்தால் அதுவும் ஊதாரிதான்" என்பான்.

பொத்தானை அழுத்தினால்
ஜப்பானியப் பெண்குரல் ஏதோ கார்டு கேட்கும்.
ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள்.
என்ன கார்டு என்று எனக்குத் தெரியாது,
அவளும் விடுவதில்லை.

எண்ணெய் கொழுப்பாய் உறைந்திருக்கும்.
ராத்திரி முழுக்க ஒரே பக்கம் படுத்த டயர்
முதல் தெருவைத் தட் தட்டென்று நொண்டியே கடக்கும்.
பேட்டரி
கொடுத்தால் வாங்காது, கேட்டால் தராது.
எஞ்சின் நிற்காது.
நிற்கவே நிற்காது.
ஹீட்டர் தின்பது எஞ்சினின் சூட்டைத்தானே.
என் கால்விரல் எனக்கு வேண்டுமென்றால்
அது எரிந்தாக வேண்டும்.

ஒரு தந்திரம் உண்டு.
வண்டி சூடானபின் ஹீட்டரை அணைத்துவிட்டால்
சிக்னலில் ஒரு நிமிஷம்
கோடை என்று நினைத்துக்கொண்டு அடங்கும்.
ஆள் ஏறாதபோது அப்படித்தான் ஓட்டுகிறேன்:
இரட்டைக் காலுறை, வாயைச் சுற்றிச் சால்வை.
கண்ணாடியின் உட்புறம் என் மூச்சே பனியாய்ப் படியும்,
பழைய போன்கார்டால் சுரண்டுவேன்.
அவள் கேட்கும் கார்டு இதுவாக இருக்காது.
அரை லிட்டர் மிச்சம். சில நாள் ஒன்று.

நேற்று நரன்தூல் சந்தை வாசலில்
ஆறு தட்டு முட்டையோடு ஒருத்தி.
வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை.
"ஹீட்டர் வேலை செய்யுதா?"
உறைந்தால் ஓடு வெடித்துவிடுமாம்.

ஒன்பது கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரம்.
எனக்குக் கூலி கிலோமீட்டருக்கு,
எஞ்சினுக்குக் கூலி மணிக்கு.
முன்னால் சிவப்பு விளக்குகள், அதற்கும் முன்னால் சிவப்பு விளக்குகள்.
முட்டைத்தட்டைக் கட்டிக்கொண்டு
அவள் தூங்கிப்போனாள்.
என் கை திருகுக்குப் போனது.
ஒரு படி குறைத்தால் தெரியவா போகிறது?

பின்சீட்டின் ஓரத்தில் சிறு ஜன்னல்போல் ஒரு வலை.
பேட்டரியின் மூக்கு அதுதான் என்று
கோம்போ ஒருமுறை திறந்து காட்டினான்,
உள்ளே நூல்பஞ்சு, யாரோ ஒருவரின் நீள முடி, பைன்கொட்டைத் தோல்.
வெயில்காலத்தில் அதன் வழியே குளிர்ந்துகொள்ளும்.
குளிர்காலத்தில்
நாங்கள் விட்ட சூட்டைக் குடித்துக்கொள்ளும்.
அதற்கு நேராகத்தான் அவள் வாய் திறந்திருந்தது.
திருகை விட்டுவிட்டேன்.

இறங்கும்போது இரண்டு முட்டை உடைந்திருந்தது.
குளிரால் அல்ல, எங்கள் ரோட்டால்.
யாதம்சுரேன், போனில் அழைத்தால் வரணும் என்று
பெயரையும் எண்ணையும் சொல்லி
உடைந்த இரண்டையும் ஒரு பையில் கட்டி
கியர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இறக்கத்தில் ஹீட்டரை அணைத்தேன்.
எஞ்சின் நின்றது.
பதினொன்று எண்ணும்வரை பச்சை விளக்கு,
பிறகு மறுபடி இரைச்சல்.

மைனஸ் முப்பத்தொன்று. எட்டு புள்ளி ஒன்பது.
முட்டை எழுத நோட்டில் கட்டமில்லை.
பை மெல்ல ஒழுகிக்கொண்டிருந்தது,
உறையாமல்.