பதினாறில் ஒன்று

எட்டு வால்வு. வால்வுக்கு ரெண்டு லாக்.
பதினைந்து உட்கார்ந்துவிட்டன.
உடைத்த புளியங்கொட்டையில் பாதி அளவுதான்
அந்தக் கடைசி இரும்பு.
கிரீஸ் தடவிய விரல்நுனியில்
இருந்தது.
இருந்தது.

டிக்.
டிக்.
அப்புறம் அடியாழத்தில்
யாரோ உச்சுக்கொட்டியது போல ஒன்று.

"ஒச்சு, என்னது விழுந்துச்சு?"
வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து சிக்கந்தர்.
அவனுக்குத் தெரியும்.
ஸ்பேனர் விழும் சத்தம் வேறு,
பிழைப்பு விழும் சத்தம் வேறு.

ராடு உருவிய எட்டுத் துளைக்கும்
பனியன் வேஸ்ட் அடைப்பது என் வேலை.
எட்டையும் அடைத்ததாகத்தான் ஞாபகம்.
டார்ச் அடித்தால்
ரேடியேட்டரை ஒட்டிய முதல் துளை
வாயைத் திறந்து என்னைப் பார்க்கிறது.

செல்லூரில் மணி ஒன்பதேகால்.
விடிய நாலு மணிக்கு
சோலைமணியின் சுமோ பாண்டி கோயிலில் நிற்க வேண்டும்.
பேரனுக்கு முடியிறக்கு.
கெடாவும் வந்துவிட்டது,
வண்டிக்கு முன்னால், ஷட்டர் கம்பியில் கட்டி.
அங்கிருந்த உயிர்களில்
அதற்கு மட்டும்தான் அவசரமில்லை.

பழைய ஹெட்செட்டைப் பிளந்து
காந்தம் எடுத்து
கிளட்ச் ஒயர் நுனியில் கட்டி இறக்கினேன்.
உள்ளே எல்லாம் இரும்பு.
சித்திரைப் பொருட்காட்சியில்
கடைக்குக் கடை நின்றுவிடும் பிள்ளை மாதிரி
சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டது.
எதிர் ஜூஸ் கடையில் ஸ்ட்ரா வாங்கி
காந்தத்துக்குச் சட்டை போட்டு
மறுபடி.
மறுபடி.
கழுத்து வியர்வை என்ஜினில் விழாமல்
தோளில் துடைத்துக்கொண்டு
மறுபடி.

பதினொன்றரைக்குக் கனம் தட்டியது.
மூச்சை வைத்துக்கொண்டு இழுத்தேன்.

வந்தது லாக் இல்லை.
ஒரு ஸ்பிரிங் வாஷர்.
கருத்து, எண்ணெயில் ஊறி,
விளிம்பு தேய்ந்து,
அங்கேயே பிறந்தது போல.

"இது யாரோடதுப்பா?"
சோலைமணி வாங்கிப் பார்த்தார்.
"பதினோரு வருசமா
ஒங்க ரெண்டு பேர் கை தவிர
வேற கை படலையே."

சிக்கந்தர் அதை வெளிச்சத்தில் ஒருமுறை உருட்டினான்.
பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
நான் கேட்கவில்லை.
கடைசி போல்ட்டுக்கு வாஷர் குறைந்த நாட்களில்
டப்பாவைக் கவிழ்த்து இன்னொன்று எடுத்திருக்கிறேன்.
எத்தனை வண்டிக்கென்று
எனக்குமே தெரியாது.

"அது பாட்டுக்குக் கெடந்துச்சுல்ல?" என்றார் சோலைமணி.
"இதுவும் கெடக்கட்டுமே.
வேற லாக் இல்லையா ஒங்ககிட்ட?"

இருந்தது.
சிவப்பு டப்பாவில், எட்டும் தூரத்தில்,
நாற்பதுக்கு மேல் இருந்தது.

யாரும் பேசவில்லை.
கெடா ஒருமுறை செருமியது.
சிக்கந்தர் அட்டையை விரித்து
வண்டிக்கு அடியில் மல்லாந்தான்.
"ஆயில இறக்குறேன். சம்பக் கழட்டணும்.
போல்ட்ட எண்ணிக்க."

எண்ணினேன்.
ஒவ்வொன்றாய் அவன் கை வெளியே வந்து நீட்ட
உரக்க எண்ணினேன்.
கல்யாண வீட்டு மொய்கூட
அப்படி எண்ணப்பட்டதில்லை.
இருபத்திரண்டு.

டீ வடிகட்டி காட்டியது
வெறும் கசடு.
காந்தம் காட்டியது அரத்தூள்.
கடைசியில் கையை விட்டேன்.
சூடு ஆறாத கருப்புக் களியில்,
மூலை மூலையாக,
கண்ணை மூடிக்கொண்டு.
இரண்டு மணி இருக்கும்.
நகக்கண்ணில் சுருக்கென்று
ஒரு பால்பல் கடித்தது.

இந்தத் தடவை அதை வைத்தது சிக்கந்தர்.
நான் துளைக்கு மேல்
இரண்டு கையையும் குவித்திருந்தேன்,
தீர்த்தம் வாங்குவது போல.

நாலு இருபது.
புது ஆயில், புகை, ஒரு இருமல்,
பிறகு சீரான சத்தம்.
சோலைமணி பேசினதற்கு மேல் இருநூறு வைத்தார்.
சிக்கந்தர் மரத்தூளில் கை தேய்த்தான்.
அவன் பையில் அந்த வட்டம்
சட்டையை லேசாய்க் கீழே இழுத்தபடி இருந்தது.

கூட்டிப் பெருக்கும்போது
அடைப்புத் துணிகளை எண்ணினேன்.
பழக்கமாகிவிட்டது.
ஏழு.

கெடாவை ஏற்ற நான்தான் அவிழ்த்தேன்.
அப்போதுதான் கவனித்தேன்,
கயிறு பம்பர் வரை எட்டும்.

பின் சீட்டில் ஏறி நின்று
அது என்னைப் பார்த்தது,
எதையோ மென்றபடி.
வாயோரம் எண்ணெய் படிந்து
ஒரு பனியன் நூல்.