உடைந்த முட்டைகளின் கணக்கு

டோலோன் கணவாய் தாண்டி இறங்கும்போதுதான்
அது ஆரம்பிக்கும்.
டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக் டொக்.
வீட்டில் ஆளிருப்பது தெரிந்தே
ஒருவன் கதவைத் தட்டுவதுபோல.

கொச்கோரில் ஏற்றுவது அறுநூறு முட்டை.
நாரினில் இறக்கும்போது மறுபடி எண்ணுவேன்.
பிப்ரவரியில் நாலோ ஐந்தோ உடையும்,
பனிக்குப் போன பங்கு என்று விட்டுவிடுவேன்.
மார்ச்சில் பனி உருகி, தார் தோலுரிந்து,
சாலை குண்டும் குழியுமான பிறகு
பதினேழு.
போன செவ்வாய் முப்பத்தொன்று.
கடைக்காரி அய்சாடா
ஒழுகும் அட்டையை விரல்நுனியில் தூக்கிப் பிடித்து
"அக்கா, முட்டை விக்கிறியா, ஆம்லெட்டா?" என்றாள்.

பழைய ஆடி நூறு. என் வயதில் பாதி அதற்கு.
மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டும் என் புருஷன்
போனிலேயே நாடி பிடித்தார்:
"புஷ் போயிருக்கும்."
அடுத்த நாள், "டயர்ல காத்து அதிகம்."
அதற்கடுத்த நாள், "நீ ஓட்டுற லட்சணம்."
பக்கத்து வீட்டு கென்ஜெபாய்
நாலு டயரையும் காலால் உதைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
அது கொஞ்சம் தேவலை.

எனக்கு வண்டி தெரியாது. எண்ணத் தெரியும்.
எந்த அட்டை, எந்த மூலை, எத்தனை என்று
மூன்று வாரம் நோட்டில் குறித்தேன்.
முன்சீட்டில் வைத்தவை பிழைத்தன.
வலப்பக்கம் அங்கொன்று இங்கொன்று.
இடது பின்மூலையில்
மஞ்சள் வெள்ளம்.

எமில்பெக்கின் பட்டறை ஒரு துருப்பிடித்த கன்டெய்னர்.
நோட்டை நீட்டினேன். கை எண்ணெயாக இருக்கிறதென்று
அவன் தொடவில்லை.
முன்பக்கம் வலது மூலையை அமுக்கினான்.
எழுந்தது, நின்றது.
முன் இடது, அப்படியே.
பின் வலது, சற்று யோசித்து நின்றது.
பின் இடது,
எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது,
சரி என்று சொல்லி முடித்த பிறகும்
தலையாட்டிக்கொண்டே இருக்கும் ஆளைப்போல.

"டயரைப் பாக்காத. தடவு."
தடவினேன். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும்
உள்ளங்கைக்குத் தெரிந்தது.
டார்ச் அடித்துக் காட்டினான்:
ஷாக் அப்சார்பரின் உடம்பெல்லாம் ஈரம்,
ஈரத்தின் மேல் நாரின் வரைக்குமான புழுதி.
"எண்ணெய் கசிஞ்சிடுச்சு.
ஸ்பிரிங் துள்ளுது, அடக்க ஆளில்ல."

ஒன்று போதாதா என்றேன்.
"ஜோடியாத்தான் மாத்தணும்.
ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வண்டி நொண்டும்."
சோம் நோட்டுகளை எண்ணிக் கொடுக்கையில்
மனம் அதையும் முட்டையாக மாற்றிப் பார்த்தது.
கொடுத்தேன்.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் போனோம்.
பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, அடங்கியது.
முதுகுக்கு நம்ப முடியவில்லை.
பிறகு,
டொக்.

நான் அவனைப் பார்த்தேன்.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.

வண்டியை நிறுத்தச் சொல்லி
டிக்கிக்குள் முழங்காலை மடித்துப் படுத்தான்.
"மூடு. மோசமான இடமா பாத்து ஓட்டு."
ஒரு மனிதனைப் பூட்டிக்கொண்டு
பள்ளம் தேடி ஓட்டியது அன்றுதான்.
குறுக்கே வந்த செம்மறிக் கூட்டத்தின் இடையன்
டிக்கிக்குள் கேட்ட சிரிப்பில் மிரண்டு
குதிரையை இழுத்துப் பிடித்தான்.

திறந்தால், எமில்பெக்கின் கையில் ஜாக்கி.
ஸ்டெப்னிக்கு அடியில், பட்டை கட்டாமல்,
மாஸ்கோ பஸ் ஏறும் அவசரத்தில்
என் புருஷன் போட்டுவிட்டுப் போனது.
சத்தம் ஓரிடம், சீக்கு வேறிடம்;
ஒன்றைத் தேடியதில்தான் மற்றது அகப்பட்டது.

இரவு போன் வந்தது.
"புஷ்தானே?"
ஆமாம் என்றேன்.
ஜாக்கியைப் பழைய காலுறையில் சுற்றி
இறுக்கிக் கட்டிவிட்டேன்.

இந்தச் செவ்வாய் டோலோன் இறக்கத்தில்
காது கொஞ்ச தூரம் அந்தத் தட்டலுக்காகக் காத்திருந்தது.
அறுநூறில் உடைந்தது இரண்டு.
ஒன்று, அய்சாடா வாசலில்
என் கையிலிருந்தே நழுவியது.
அதையும் சாலையின் கணக்கில் எழுதினேன்.