காற்று மடக்கிய கதவு

பூந்தா அரேனாஸில் கார்க் கதவைத் திறப்பது
இரண்டு கை வேலை.
ஒரு கை அசந்தால் போதும்,
குறும்புப் பிள்ளையின் காதைப்போல
காற்று அதைத் திருகிவிடும்.

அப்படித் திருகிய கதவுகளை நிமிர்த்துவது
மில்கா பர்ரீயாவின் தொழில்.
அவளுக்கோர் இணையதளம் செய்துதருவது
ஜூலை முதல் என் தொழில்.

முதல் வரைவில்
சுற்றிலும் வெள்ளை, நடுவே மெல்லிய எழுத்து.
பதில் வந்தது:
"எதுக்கு இவ்வளவு வெற்றிடம்?
ஊரைத் தாண்டினா அதுதானே கிடக்கு, ஆடு மேய."
சிவப்பு போதாது என்றாள்.
கூட்டினேன்.
இன்னும் போதாது.
தொலைபேசி எண்ணைப் பெரிதாக்கச் சொன்னாள்.
ஆக்கினேன், அரை மில்லிமீட்டர், வீம்பாக.

நவம்பருக்குள் கோப்பின் பெயர்
இறுதி, இறுதி இரண்டு, உண்மையான இறுதி.
அவளுக்கு ரசனையே இல்லை என்று
என் மனைவியிடம் சொன்னேன்.
என்னைப் பற்றி அவள்
யாரிடம் என்ன சொன்னாளோ.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஜலசந்தியோரச் சாலையில்
என் கதவே போயிற்று.
அவள் எண் என் கைபேசியில் இருந்ததுதான்.
இருந்தும் பெருமைக்கு
சோதனைப் பக்கத்தைத் திறந்தேன்.
பல்லால் கையுறையைக் கழற்றி
மூன்று கோட்டைத் தொட்டு, கீழே இறங்கி,
'எங்களோடு உரையாடுங்கள்' வரை போவதற்குள்
விரல் மரத்துவிட்டது.
என் அழகான சாம்பல் எழுத்து
வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை.

பட்டறையில் ஆரம்பித்தேன்:
கீலை மாற்று, இந்த இடத்தில் தட்டு, அப்புறம்...
மில்கா சுத்தியலைக் கீழே வைத்தாள்.
"எங்கே தட்டணும்னு நீ சொல்லாதே.
மூடும்போது என்ன சத்தம் வருது?
அதைச் சொல்."
சொன்னவள் அப்படியே நின்றாள்.
"நானும் இத்தனை நாள்
உனக்குச் சுத்தியல் பிடிக்கத்தான்
சொல்லிக்கொடுத்தேனா?"

ஏன் சிவப்பு என்று
ஐந்து மாதமாக நானும் கேட்கவில்லை.
மாத்தேக் கிண்ணம் எங்களுக்கு நடுவே
மூன்று முறை போய்வந்த பிறகு கேட்டேன்.
வழி கேட்டு அழைப்பவர்களுக்கு
அவள் சொல்வது ஒன்றே ஒன்றாம்:
"சிவப்புத் தகரக் கூரை தெரியும்.
தெரிஞ்சதும் வேகத்தைக் குறை."

வெளியே போய்க் கூரையைப் படம் எடுத்து
நிறத்தை அதிலிருந்தே எடுத்தேன்.
எண் இப்போது உள்ளங்கை அகலம்.
வெள்ளையில் பாதியை விட்டுக்கொடுத்தேன்,
பாதிக்கு இன்னும் சண்டை.
கதவுக்கு முழு பில் போட்டாள்,
ஒரு பேசோ குறைக்கவில்லை.

படத்தில் கூரையின் துருவும் வந்திருந்தது.
துருவை எடுத்துவிடு என்றாள்.
வாய்வரை வந்த 'முடியாது' என்பதை விழுங்கி
ஏன் என்று கேட்டேன்.
"காத்து ஓய்ஞ்சதும்
பெயின்ட் அடிக்கப் போறேன்."

கோப்புக்குப் பெயர் மாற்றினேன்:
கூரை, துரு நீங்கலாக.